பாய் கொடுத்து நொய் வாங்கிய கதை

கூழ் குடித்தால் பசி ஆறும், சூடு தணியும், மதியத்துக்கு மேல் கண் சொக்கும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் கூழ் குடித்தவர் வாயில் இன்னொரு ஊர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது வந்தவாசிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற அத்திமேட்டில் மட்டும்தான் நடந்தது, அதுவும் அமராவதியின் பானையில் மட்டும்தான் நடந்தது. அத்திமேட்டில் எந்தக் கொல்லையைப் பார்த்தாலும் கோரைதான் நிற்கும். கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து, சாயம் ஏற்றி, முப்பது பாய் மெஷின்கள் கடகடவென்று நெய்துகொண்டே இருக்கும். அந்த முப்பது மெஷின்காரர்களுக்கும் மதியக் கூழ் காய்ச்சி ஊற்றுகிறவள் அமராவதி. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, வாசம் வர வறுத்து, அரைத்துக் கரைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, மண்பானையில் மூன்று நாள் மூடிவைப்பாள். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் கூழ் முகத்தில் நுரை பூத்துக்கொண்டு சிரிக்கும். அதைப் போதை என்றும் சொல்ல முடியாது, பச்சைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது.

ஊரெல்லாம் கோரையாகிவிட்டதால் தானியத்தை வெளியில்தான் வாங்க வேண்டும். பக்கத்து டவுன் கடைக்காரர் கேழ்வரகுக்குச் சொல்லுகிற விலையைக் கேட்டால் பாதாமை வாங்கிக் கூழ் காய்ச்சிவிடலாம் போலிருக்கும். அதனால் அமராவதி ஒரு காரியம் செய்தாள். அவள் புருஷன் தணிகைவேல் பாய்க்கட்டுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்கிறவன்; அவன் போகிற ஊருக்கெல்லாம் இவளும் மூன்று வயது இலக்கியாவை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் சந்தை வாசலில் பாய் விரித்தால், இவள் உள்ளே போய்த் தானியம் விசாரிப்பாள்.

முதல் நாலு ஊரில் நன்றாக ஏமாந்தாள். சத்தியமங்கலத்தில் போய் "கேவுரு இன்னா வெலைண்ணா?" என்று கேட்டாள். கடைக்காரர் இவளை மேலும் கீழும் பார்த்தார். அத்திமேட்டில் கேழ்வரகைக் கேவுரு என்பார்கள், அதையே அங்கே ராயி என்கிறார்கள், உசிலம்பட்டிப் பக்கம் போனால் கேப்பை என்கிறார்கள். பேர் தெரியாமல் கேட்டவள் அசலூர்க்காரி, அசலூர்க்காரிக்கு அசலூர் விலை. ஆனாலும் அந்தச் சத்தியமங்கலத்து ராயி பக்கத்து டவுனைவிடக் கொஞ்சம் மலிவாகத்தான் இருந்தது. ஒரு மூட்டை வாங்கி வந்து, முளைகட்டி, அரைத்து, காய்ச்சி, மூன்று நாள் புளிக்கவைத்து, மதியம் மெஷின் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

கொட்டகையில் பட்டுவும் அஞ்சலையும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்துகொண்டு ஆறு வருஷமாகச் சண்டை போடுகிறவர்கள். ஒருத்தி இருமினால் இன்னொருத்தி அதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பாள். கூழ் உள்ளே இறங்கி ஒரு பீடி நேரம்கூட ஆகியிருக்காது, பட்டு திரும்பி, "ஏனுங் அஞ்சலைங்க, அந்த நூல்கண்டைக் கொஞ்சம் இக்கட்டால நகத்துறீங்களா?" என்று கேட்டாள்.

"அட, நீங்களே எடுத்துக்குங், நமக்குள்ள என்னங்க இருக்குது?" என்றாள் அஞ்சலை.

கொட்டகையில் யாரும் மூர்ச்சை போட்டு விழவில்லை. இரண்டு மெஷின் நின்றது, பிறகு ஓடியது. சாயங்காலம் பசி எடுத்தபோது இரண்டு பேருக்கும் சொந்தப் பேச்சு திரும்பி வந்தது, கூடவே சண்டையும் வந்தது. அவ்வளவுதான். தானியம் எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணின் பேச்சு, வயிறு காலியாகிறவரை வாயில் இருக்கும் என்று ஊர் கண்டுபிடித்துக்கொண்டது. வெயில் அடித்தால் வடாம் போடுவது மாதிரி, அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்க ஆரம்பித்தது.

பங்காளிப் பஞ்சாயத்து என்றால், "ராயிக் கூழ் இருந்தா ஒரு குண்டான் குடு அமராவதி" என்று ஆள் வந்துவிடும். ஆளுக்கு ஒரு லோட்டா குடித்துவிட்டு உட்கார்ந்தால், வரப்பை வெட்டியவனைக்கூட "நீங்க வெட்டிப்போட்டீங்களாட்டம் இருக்குதுங்" என்றுதான் கேட்க முடியும், அந்த மரியாதையில் யார் யாரை அடிப்பது? மெஷின் முதலாளியிடம் கூலி கேட்கப் போகிற அன்றைக்கு மட்டும் எல்லாரும் கெஞ்சல் வராத உசிலம்பட்டிக் கேப்பைக் கூழ் கேட்டார்கள். அப்படியொரு நாளில், பானையில் ஏதோ புளிக்கிறது என்று யாரோ எழுதிப்போட்டு ஒரு ஏட்டய்யா சோதனைக்கு வந்தார். அரை லோட்டா குடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லத்தா, எவனோ அங்கிட்டுச் சும்மா கெளப்பி விட்டுருக்காய்ங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு தடவை இரண்டு மூட்டையும் கலந்துவிட, அன்றைக்கு ஊரே வாக்கியத்தைச் சத்தியமங்கலத்தில் தொடங்கி உசிலம்பட்டியில் முடித்தது. அதிலிருந்து அமராவதி மூட்டைகளைத் தனித்தனியாகக் கட்டிவைத்தாள். எது அதிகமோ அதன் பேச்சுதான் வரும் என்பதும் அவளுக்குக் கைவந்தது.

ஒரே ஒருவர்தான் இந்தக் கூழைத் தொடுவதில்லை, அது அவள் மாமனார் கோதண்டம். முதல் மூட்டையிலேயே ஒரு லோட்டா குடித்துவிட்டு வாசலுக்குப் போன மனிதர், தன் நாயைப் பார்த்து, "ஏனுங் மணி, வாங்க, வந்து சாப்புடுங்" என்று கூப்பிட்டுவிட்டார். நாயே திரும்பிப் பார்த்தது, வேறு யாரையோ கூப்பிடுகிறாரா என்று. அன்றைக்குத் தெரு சிரித்த சிரிப்பில் துண்டை உதறித் தோளில் போட்டவர், "என் வாய்ல என் பேச்சுதான் இருக்கணும்" என்று சபதம் போட்டுவிட்டார்.

அமராவதிக்குக் கிடைத்த லாபம் வேறு. அடுத்த முறை சத்தியமங்கலம் போகும்போது அந்த ஊர்த் தானியத்துக் கூழையே ஒரு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனாள். சந்தைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மடக்மடக்கென்று குடித்துவிட்டு உள்ளே போய், "ஏனுங்ண்ணா, ராயி என்ன வெலைங்?" என்றாள். கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்காமல் உள்ளூர் விலை சொன்னார். அன்றிலிருந்து வண்டியில் பாய்க்கட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து பிளாஸ்க் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் மூடியிலும் ஊர்ப்பெயர் எழுதி ஒட்டியிருக்கும்.

இப்படி ஊருக்கெல்லாம் பேச்சு கொடுத்தவள் வீட்டிலேயே ஒருத்தி பேச்சைக் குறைத்திருந்தாள். அவள் கோதண்டத்தின் மகள், அமராவதியின் நாத்தனார். பேர் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால், அடுத்தாவது ஆணாகட்டும் என்று வைத்த பேர். அடுத்தது தணிகைவேல் பிறந்தான், பேர் மட்டும் அவள் மேலேயே நின்றுபோயிற்று. இரண்டு அக்காமாரும் கட்டிக்கொண்டு போனார்கள். தம்பி முந்திக் கட்டிக்கொண்டான். இவள் மட்டும் பாய் மெஷினில் இருந்தாள். பாயில் நிறம் சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த மெஷின்களைச் சரிபார்க்க நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த மெக்கானிக் சுயம்புலிங்கம், பத்து நாள் வேலையை மூன்று மாதம் பார்த்தான். ஏன் என்று ஊருக்கே தெரியும். நல்ல பையன். சித்திரையில் அவன் அம்மா இசக்கியம்மை உறவுக்காரர்களோடு ரயிலேறிப் பெண் பார்க்க வந்தாள். சுயம்பு அப்போது வேறொரு ஊரில் மெஷின் பூட்டிக்கொண்டிருந்தான். இலை போட்டாயிற்று, சோறு வைத்தாயிற்று, வேண்டா வந்து நமஸ்காரம் பண்ணினாள். இசக்கியம்மை அவள் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"பெண்ணு கொள்ளாம்!"

அத்திமேட்டில் பெண்ணைக் கொடுப்பார்கள், பெண்ணைக் கொள்வார்கள். கொள்ளாம் என்றால் கொள்ள மாட்டோம், வேறென்ன? கோதண்டம் இலையிலிருந்து எழுந்துவிட்டார். "வேண்டான்னு பேரு வெச்சது நாங்க. அதை எங்க வூட்லயே குந்திக்கினு எங்க மூஞ்சி மேலயே சொல்றதுக்கு நீங்க யாரு? கெளம்புங்க!" அவர்களுக்கு இது பாதிதான் புரிந்தது, ஆனால் 'கெளம்புங்க' எந்த ஊரிலும் புரியும். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு சுயம்பு போனில் கேட்டால், "உங்க அம்மாதான் முடியாதுன்னாங்க" என்றாள் வேண்டா. அவன் அம்மாவைக் கேட்டால், "அவியதாம்ல எங்கள எறக்கி விட்டாவ" என்றாள். இரண்டு பக்கமும் மற்ற பக்கம்தான் தள்ளியது என்றிருந்ததால், சொன்ன சொல் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவே இல்லை. கோதண்டம் ஆவணியில் முடிக்கிற மாதிரி போளூரில் ஒரு இரண்டாம் தாரத்துக்குச் சரி சொல்லப் போவதாக இருந்தார். வேண்டா சாயத்தைத் தொடவில்லை. வெறும் வெள்ளைக் கோரையில் பாய் நெய்தாள், ஒரு சிவப்பு இழைகூட இல்லாமல்.

"அமராவதி, நீயாச்சும் அப்பாகிட்ட பேசேன்" என்றாள் ஒருநாள்.

"பேசறேன். ஆனா உங்க அப்பா காதைத் திருப்பறதுக்கு உன் மெக்கானிக்தான் வரணும்" என்றாள் அமராவதி. வேண்டா சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

ஆடி வந்தது. மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் முறை அந்த வருஷம் கோதண்டம் வீட்டுக்கு. ஊருக்கே ஊற்ற வேண்டும், கேழ்வரகு விலையோ எல்லாச் சந்தையிலும் ஏறிக் கிடந்தது, உள்ளூர்ப் பேச்சு பேசினாலும் இறங்கவில்லை. அப்போதுதான் தணிகைவேலுக்கு நாகர்கோவிலிலிருந்து பாய் கேட்டு ஆள் வந்தது. அந்தத் திசைப் பேரைக் கேட்டாலே வீட்டில் முகங்கள் சுருங்கும். ஆனால் கூழுக்குக் கேழ்வரகைக் குறைத்து நொய்யைக் கூட்டலாம் அல்லவா, நாஞ்சில் நாடு நெல்லுக்குப் பேர்போனது அல்லவா என்று அமராவதி கணக்குப் போட்டாள். அந்த ஊர் பிளாஸ்க் அவளிடம் இல்லை. வெறும் வாயோடுதான் நாகர்கோவில் கோட்டாறு சந்தையில் இறங்கினாள்.

அரிசிக் கடைக்காரர் செல்லையா நொய்யைக் காட்டினார், பொடியரிசி என்றார். பாயைக் காட்டு என்றார். அமராவதி ஒன்றை விரித்தாள். அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பாயி கொள்ளாம்" என்றார்.

சித்திரையில் வீட்டில் கேட்ட அதே சொல். அமராவதி பாயைச் சுருட்டினாள்.

"யம்மா, என்னத்துக்குச் சுருட்டுக? கொள்ளாம்னுல்லா சொன்னேன்!"

"கொள்ள மாட்டேன்னு சொன்னப்புறம் சுருட்டாம இன்னா பண்றது?"

"நல்ல கத! கொள்ளாம்னா நல்லா இருக்குன்னாக்கும் பிள்ள. உங்க ஊருல நல்லா இருக்கத என்னன்னு சொல்லுவிய?"

"நல்லா கீதுன்னுவோம்."

"கீதாவா? அது ஆரு கீதா?"

அமராவதி அப்படியே நொய் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு வாயை விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், ஏன் என்று தெரியாமலே இலக்கியாவும் சேர்ந்து சிரித்தது. இறங்கி வந்த தணிகைவேல், கடைக்காரர் ஏதோ குடிக்கக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தான். விஷயத்தைக் கேட்ட செல்லையா தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு சொல்லுக்காவ ஒரு பெண்ணு வீட்டுல இருக்காளா? மக்ளே, ஆவணி அறுப்பு வருகதுக்கு முன்னால பழைய சரக்க ஒழிக்கணும். பாயத் தந்துட்டு வேணும்கிற மட்டும் அள்ளிட்டுப் போ." பாய்க்கு நொய் சரியாகப் போயிற்று, அவள் வாங்கியதிலேயே மலிவான தானியம் அதுதான்.

ஊருக்கு வந்ததும் மாமனார் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கோதண்டம் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார். "நல்லாக்கீதுன்னு சொல்றதுக்கு எவனாச்சும் கொள்ளாம்பானா? நாத்தனாவுக்கோசரம் நீ கதை கட்டிக்கினு வராத, அமராவதி."

சுயம்புவைப் போனில் சொல்லவைத்தாலும் அதையும் கட்டுக்கதை என்பார். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு அவள் போய் நொய்யை ஊறப்போட்டாள்.

ஒரு கைப்பிடி கேழ்வரகு நிறத்துக்கு; மற்றதெல்லாம் நாஞ்சில் நொய். மூன்று நாள் புளித்தது. ஆடி மூன்றாம் ஞாயிறு உச்சிவேளையில் பம்பை முழங்க, வேப்பிலை கட்டிய பானைகள் கோயிலுக்குப் போயின. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, வெங்காயம் எல்லாம் பின்னால் போயின. முறைக்காரர் முதல் லோட்டா குடித்தால்தான் ஊர் குடிக்க முடியும். குண்டானும் தூக்குவாளியுமாக ஊரே வரிசையில் நின்றது.

கோதண்டம் லோட்டாவைக் கையில் வாங்கி, "இது எந்த ஊரு தானியம்?" என்று மருமகளை மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அம்மன் முன்னால் அவளுக்கு நாக்கு வரவில்லை. "கோட்டாறு நொய் மாமா."

அவர் மருமகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். ஆத்தா கூழை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார், அரக்கு வைத்த மாதிரி.

பிறகு ஊர் குடித்தது. ஊரின் வாயில் நாஞ்சில் நாடு வந்து இறங்கியது. "லே மக்ளே, பைய ஊத்து, சிந்தாத" என்றான் பம்பைக்காரன். "எனக்கு இன்னும் கொஞ்சம் தா கேட்டியா?" என்றாள் அஞ்சலை. "தாரேன், அதுக்கு எதுக்கு இந்த வெப்ராளம்?" என்றாள் பட்டு. ஆட்கள் பேசிக்கொண்டே தங்கள் பேச்சைத் தாங்களே ரசித்தார்கள். கோதண்டம் மட்டும் பேசவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினார், கையை ஆட்டினார். அமராவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்துகொண்டே போனது. இவர் பசி எடுக்கிறவரை இப்படியே இருந்துவிட்டால் நாளைக்குப் போளூர்க்காரருக்குத் தாம்பூலம் போய்விடும்.

அந்த நேரத்தில் அம்மனுக்கு முன்னால் விரிக்க முறைக்காரர் வீட்டுப் பாய் வந்தது. வேண்டா தூக்கிக்கொண்டு வந்தாள். ஆத்தாளுக்கு வெள்ளைப் பாய் ஆகாது என்பதால் மூன்று மாதம் தொடாத சாயத்தையெல்லாம் அவள் தொட்டிருந்தாள். மடிப்பைப் பிரித்ததும் மஞ்சளும் சிவப்பும் கிளிப்பச்சையும் கோயில் வாசலில் ஓடின. நடுவில் ஒரு பொங்குகிற பானை. பானை வாயிலிருந்து வழிகிறது நுரையா பூவா என்று சொல்ல முடியவில்லை. பம்பை நின்றுவிட்டது.

மகளிடம் ஒருநாளும் நல்ல வார்த்தை சொல்லாத அந்த மனிதருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கொள்ளாம்," என்றார் கோதண்டம். பிறகு, தடவிப் பார்க்கிற மாதிரி மெதுவாக, "கொள்ளாம் மக்ளே. ரொம்பக் கொள்ளாம்!"

வேண்டா பாயின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றாள். கோதண்டம் இரண்டு விரலால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்துதான் வந்தது, அதில் வேண்டாமென்று தள்ளுவது ஒரு சொட்டுகூட இல்லை என்பது அவர் நாக்குக்கே தெரிந்தது. "அந்தப் பொம்பள இதையா சொன்னா?" என்று யாரையும் கேட்காமல் கேட்டார். "சோத்துல இருந்த மனுசிய நான் எறக்கி விட்டனே... அமராவதி, போனப் போடு பிள்ள. இந்தப் பேச்சு வாயில இருக்கும்பமே போடு."

அமராவதி வேண்டாவின் போனிலிருந்தே போட்டாள். ஊர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"எம்மா, நான் அத்திமேட்டுக் கோதண்டமாக்கும்."

"அத்திமேட்டுக்காரரா? அவிய இப்பிடிப் பேச மாட்டாவளே," என்றது இசக்கியம்மையின் குரல். "எவம்ல வெளையாடுகது?"

"நான்தாம்மா. எங்க ஊருக் கூழு அப்பிடி. உங்க ஊரு அரிசியக் குடிச்சுட்டுப் பேசுகேன். அண்ணைக்கு நிங்க கொள்ளாம்னு சொன்னத நான் கொள்ள மாட்டோம்னு எடுத்துப் போட்டேன். தப்பு என் பேருலயாக்கும்."

அந்தப் பக்கம் குரல் ஏறியது. "அட பாவி மனுசா! அதுக்கா எலயில இருந்து எழும்பினீரு? நான் ஊருக்கு வந்து மூணு நாளு வயித்துக்கு ஒண்ணும் திங்கல, கேட்டீரா?"

"நானும் திங்கலம்மா. கவுரவமா திங்காம இருந்தேன், ஆருக்கும் தெரியாது." ஊர் கொல்லென்று சிரித்தது. "எம் பிள்ளைய உங்க வீட்டுக்கு... உங்க வூட்டுக்கு... இன்னா சொல்றது..."

"இன்னாவா? என்ன சொல்லுகீரு?"

காலையிலிருந்து வேறெதுவும் சாப்பிடாத வயிறு, அவருக்குப் பசி எடுத்துவிட்டது. "ஊத்தும்மா, ஊத்து!" என்று கையை நீட்டினார். அமராவதி பானைக்கு ஓடி, சிந்தச் சிந்த ஒரு லோட்டா கொண்டுவந்தாள். கோதண்டம் ஒரு கையில் போனும் ஒரு கையில் லோட்டாவுமாகக் குடித்து, ஏப்பம் விட்டு, நாஞ்சில் நாட்டுக்குத் திரும்பி வந்து, ஆவணியில் முதல் முகூர்த்தம் எது, எத்தனை பேர் வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார். வேண்டா அமராவதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள், தோள் நனைந்தது.

"அண்ணாச்சி, போன வச்சிராதேயும்," என்றாள் இசக்கியம்மை. "பெண்ணுக்கு நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம். அவ இஞ்ச வந்து தனியா இருந்து எங்க பேச்சப் படிக்கண்டாம். வரும்போ உங்க பக்கத்து மண்ணுல வெளஞ்ச தானியம் ஒரு மரக்கா கொண்டு வாரும், உம்ம மருமவள விட்டு எங்களுக்கும் ஒரு பானை காய்ச்சித் தரச் சொல்லும். நாங்க குடிச்சுட்டு அவகிட்ட பேசிக்கிடுகோம்."